கட்டம் போட்ட சேட்டின் பொக்கட்

நான் பள்ளிக்கூடம் போனது நாலாம் வகுப்பு வரைதான். அதிலும் இரண்டாம் வகுப்பை இரண்டு தடவை படித்தேன். அதனால் அந்த வகுப்புப் பாடம் மட்டும் எனக்கு இன்றைக்கும் நன்றாகத் தெரியும். நான் எழுதுகிறதில் உள்ள எழுத்துப் பிழைகளை என் மனைவி திருத்துகிறாள். மற்றப் பிழைகளைத் திருத்தவும் கலியாணமான நாளிலிருந்து முயற்சி செய்கிறாள். சரிவரவில்லை.

கொழும்பு வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடல் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில் இருந்த தையல்கடையில் வேலை செய்தேன். வீடு கொட்டாஞ்சேனையில். பிறந்ததும் அங்கேதான். காலையில் இரண்டு பஸ், மாலையில் இரண்டு பஸ். கடையில் துணி வெட்டுவது முதலாளி. அவர் யாழ்ப்பாணத்தவர், கத்தரிக்கோலைப் பிடித்தால் பேசமாட்டார். மெஷினில் இரண்டு பேர். எனக்குத் தெறி என்கிற பொத்தான் தைப்பது, மடிப்பு அடிப்பது, பிழைத் தையலைப் பிரிப்பது, அயன் போடுவது, வருகிறவர்களைச் சிரிக்க வைப்பது. கடைசி வேலையை யாரும் எனக்குத் தரவில்லை. நானாக எடுத்துக்கொண்டேன்.

சண்டை வடக்கில் நடந்தது. அதிலிருந்து தப்பி வந்தவர்கள் எங்கள் கடையில் அளவு கொடுக்க வரிசையில் நின்றார்கள். ஒழுங்கை முழுக்க லொட்ஜ். ஒவ்வொரு அறையிலும் ஐந்தாறு பேர், எல்லாரும் எங்கேயோ போகக் காத்திருப்பவர்கள். காற்சட்டைக்கு அளவு எடுக்கும்போதே ஆள் எந்த நாட்டுக்குப் போகிறார் என்று சொல்லிவிடுவேன். உள்ளுக்குக் கம்பளித் துணி வைக்க இடம் விடச் சொன்னால் கனடா. அவசரமாக நாளைக்கே வேண்டுமென்றால் ஏஜென்சிக்காரன் ஏமாற்றப் போகிறான்.

அது மின்வெட்டுக் காலம். கரண்ட் போனால் மோட்டர் மெஷின் நின்றுவிடும். அயன் பெட்டியும் ஆறிவிடும். மற்றவர்கள் தேநீர் குடிக்கப் போவார்கள். நான் வெட்டுத்துண்டுகளை வைத்துக்கொண்டு இருப்பேன். எங்கள் கடையில் ஒரு வழக்கம் இருந்தது. வெட்டி மிச்சமாகும் துணியின் மேல் நான் கையை விரித்து வைக்க வேண்டும். கை மறைத்தால் அந்தத் துண்டு எனக்கு. கைக்கு வெளியே துணி தெரிந்தால் முதலாளிக்கு. என் கை பெரியது என்று முதலாளிக்கு எப்போதும் ஒரு மனக்குறை.

அந்தத் துண்டுகளில் முதலில் செய்தது முதலாளியைத்தான். கோதுமை மா வரும் பையில் கொப்பி மட்டை அளவு வெட்டி, அதில் ஒரு ஆள். வயிற்றுக்கு, கோட்டுத் தோளுக்குள் வைக்கும் பஞ்சு. தலைக்குப் பெரிய தெறி. கைகள் இரண்டும் சாறிச் சட்டைக்கு வைக்கும் கொழுக்கி. முதலாளி பார்த்துவிட்டு இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை. மூன்றாம் நாள், கண்ணாடிக்குப் பக்கத்தில் ஆணி அடித்து அவரே மாட்டினார். வாடிக்கைக்காரர்கள் அதைப் பார்த்துச் சிரித்ததில், தைக்கப் பிந்தியதை மறந்தார்கள்.

பிறகு கை நிற்கவில்லை. பழுதான ஸிப்பைத் தைத்தால் வெள்ளவத்தைக் கடற்கரை றெயில் பாதை. சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாள் கடல். பஸ் டிக்கட்டை மடித்தால் பஸ். சேப்டி பின்னைத் திறந்து நிறுத்தினால் துவக்கோடு காவல் நிற்கும் ஆள். ஒரு சோதனைச் சாவடி செய்தேன், அதில் வரிசையில் நிற்கிற தெறிகள் எல்லாம் வேறு வேறு நிறம், நிறுத்திச் சோதிக்கப்படுகிற தெறி மட்டும் கறுப்பு. முதலாளி அதை மட்டும் மாட்ட விடவில்லை. மேசை லாச்சிக்குள் வைத்துப் பூட்டினார்.

சாறிச் சட்டை தைக்க எங்களிடம் ஒரு சிங்கள நோனா காரில் வருவார். கறுவாத்தோட்டத்தில் பெரிய வீடு. அந்த வீட்டின் முன்பக்கத்தில் படங்கள் மாட்டிக் கண்காட்சி வைப்பவர் என்பது எங்களுக்கு அப்போது தெரியாது. சட்டையைப் போட்டுப் பார்க்கப் போனவர் கண்ணாடியைப் பார்க்காமல் பக்கத்தில் தொங்கிய முதலாளியைப் பார்த்தார். யார் செய்தது என்று கேட்டார். முதலாளி கள்ளனைக் காட்டிக் கொடுப்பதுபோல என்னைக் காட்டினார். நோனா இருந்த எல்லாவற்றையும் கேட்டு வாங்கிப் பார்த்தார். பன்னிரண்டு வேண்டும், கண்காட்சி வைக்கலாம் என்றார். கிராமத்து விஷயங்களும் இருக்கட்டும், பனைமரம், மாட்டுவண்டி, கிணறு, அப்படி என்றும் சொன்னார்.

நான் பனைமரத்தைக் கண்டது கலண்டரில். இருந்தாலும் ஒன்று செய்தேன். முதலாளி மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, இறக்கி, பார்த்தார்.

"இது என்னடாப்பா. பனையில செவ்விளநி தொங்குது."

வெட்கத்தோடு நோனாவிடம் கொண்டுபோனேன். அவருக்கு அதுதான் எல்லாவற்றிலும் பிடித்தது. நாட்டார் கலையில் அப்படித்தான் இருக்குமாம். பிழை விட்டால் அதற்குப் பெயர் நாட்டார் கலை என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். அந்தக் கணக்குப்படி பார்த்தால் நான் தொட்டிலிலிருந்தே கலைஞன்.

இனி அந்தச் சேட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

நீலத்தில் வெள்ளைக் கட்டம் போட்ட சேட்டு. கொண்டுவந்தவன் பக்கத்து லொட்ஜில் தாயோடு தங்கியிருந்த இளைஞன். ஏதோ ஒரு தூதரகத்தில் நேர்முகம், அதற்குப் போட வேண்டும், உடம்பைச் சுருக்கிக் கையைக் கட்டையாக்கித் தாருங்கள் என்றான். நான் அளவெடுக்கும்போது, இந்தச் சேட்டுக்குள்ளே இன்னொரு ஆளையும் கூட்டிப் போகலாமே என்றேன். லொட்ஜ் சாப்பாட்டில் மெலிந்துவிட்டேன் அண்ணை என்று சிரித்தான். வியாழக்கிழமை வருவதாகச் சொல்லி, பெயர் எழுதிய ரசீதுத் துண்டை வாங்கிக்கொண்டு போனான். புதன்கிழமை படையினர் லொட்ஜைச் சுற்றிவளைத்து, வரிசையில் நிற்கவைத்து, சிலரை வாகனத்தில் ஏற்றினார்கள். விசாரித்துவிட்டு விடுவதாகச் சொன்னார்களாம். மற்றவர்கள் ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள். அவன் வரவில்லை. ஏற்றியதாகவே பதிவு இல்லை என்று பிறகு சொன்னார்கள்.

இரண்டு கிழமை கழித்துத் தாய் கடைக்கு வந்தார். தலையணைக்குக் கீழே இருந்தது என்று துண்டைக் காட்டினார். முதலாளி சேட்டை எடுத்து, பேப்பரில் சுற்றி நீட்டினார். அந்த அம்மா வாங்கவில்லை.

"வேண்டாம் ஐயா. துண்டு அவன்ர பேரில இருக்கு. அவன் வந்து எடுக்கட்டும். அதுமட்டும் இஞ்சையே இருக்கட்டும்."

அப்படித்தான் அது எங்கள் கடை அலுமாரியின் மேல்தட்டில் தங்கியது. அவர் புதுக்கடை நீதிமன்றத்தில் மகனைக் கேட்டு வழக்குப் போட்டிருந்தார். ஒவ்வொரு தவணையும் முடிந்த பின் நேராகக் கடைக்கு வருவார். கடையின் மர வாங்கில் உட்காருவார். சேட்டை ஒருக்கா எடுங்கோ தம்பி, பார்ப்பம் என்பார். நான் எடுத்து, சுருக்கமே இல்லாத சேட்டுக்கு மறுபடி அயன் போட்டுக் கொடுப்பேன். கழுத்துப்பட்டியைத் தடவிப் பார்ப்பார், பூச்சி அரித்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடிப்பார், தெறிகளை ஒவ்வொன்றாகப் பூட்டி மடித்து என்னிடமே தருவார். வழக்கு என்ன ஆச்சு என்றால், தள்ளி வைச்சிட்டினம் என்பார். அது மட்டும்தான் பதில். ஒருநாள் நான், நீதவானும் எங்க முதலாளி மாதிரிதான் போல, நாளைக்கு வாங்க நாளைக்கு வாங்க என்கிறாரே என்றேன். அவர் சிரித்தார். பல் தெரியச் சிரித்தார். அன்று முழுக்க நான் அதை நினைத்துப் பெருமையாகத் திரிந்தேன். கொட்டாஞ்சேனைக்குப் போய் மனைவியிடமும் சொன்னேன்.

பிறகு அவர் வருவது நின்றது. ஊரில் சகோதரிக்கு நோய் கடுமை என்று வவுனியாவைத் தாண்டி வடக்கே போனதாகவும், திரும்பி வர இராணுவப் பாஸ் கிடைக்கவில்லை என்றும் லொட்ஜில் சொன்னார்கள். ஐந்து மாதம் போயிற்று. முதலாளி அலுமாரியைத் துப்புரவு செய்யச் சொன்னார். எடுக்க வராத உடுப்புகளைக் கட்டி, மெஷின் துடைக்க யாருக்காவது கொடு என்றார். எங்கள் துண்டின் அடியிலேயே அச்சடித்திருக்கிறது, மூன்று மாதத்துக்கு மேல் பொறுப்பில்லை என்று. ஆனால் அந்தச் சேட்டைக் காட்டி வேறாகச் சொன்னார்.

"உந்தக் கட்டச் சேட்டில மட்டும் கை வைக்காதை. விளங்குதோ."

விளங்கியது. அதனால்தான் இதை எழுத வேண்டியிருக்கிறது. விளங்காமல் செய்திருந்தால் மறந்திருப்பேன்.

நோனா கேட்ட பன்னிரண்டில் பதினொன்று முடிந்துவிட்டது. பன்னிரண்டாவது லொட்ஜ். கீழே ஸிப் றெயில் பாதை, அதற்கு அங்கால் வெள்ளித்தாள் கடல், இங்கால் லொட்ஜ். லொட்ஜுக்கு எந்தத் துணியை வைத்தாலும் சுவர் மாதிரித்தான் இருந்தது, ஆட்கள் உள்ளே இருக்கிற மாதிரி இல்லை. ஒரு பொக்கட்டை அப்படியே தைத்து, அதன் வாயிலிருந்து தெறித் தலைகள் எட்டிப் பார்த்தால் சரி என்று மனதில் பட்டது. கண் மேல்தட்டுக்குப் போனது. நீலக் கட்டம். கட்டங்கள் ஜன்னல் மாதிரியே இருந்தன. சேட்டை எடுத்து மேசையில் விரித்து, பொக்கட்டின் மேல் கையை வைத்தேன். கை மறைத்தது. வழக்கப்படி அது எனக்கு.

இப்படித்தான் நான் எனக்குச் சொன்னேன். சேட்டு அப்படியே இருக்கிறது, பொக்கட் மட்டும்தானே. அந்த அம்மா வந்தால் வேறு வைத்துக் கொடுக்கலாம். வருவாரோ தெரியாது. சட்டைப்பையில் எப்போதும் கடதாசியில் மடித்து வைத்திருக்கும் பாதிச் சவர பிளேட்டை எடுத்து, ஒரு நூல் கூட அறுபடாமல் பிரித்தேன். அந்த வேலையில் என்னை வெல்ல ஆள் இல்லை.

கண்காட்சி ஒரு ஞாயிற்றுக்கிழமை தொடங்கியது. மனைவி எனக்கு நீளக் கைச் சேட்டு அயன் போட்டுத் தந்தாள். பெரிய வீடு, வெள்ளைச் சுவர், ஒவ்வொன்றுக்கும் கண்ணாடிச் சட்டம், ஒவ்வொன்றுக்கும் தனி விளக்கு. எங்கள் வீட்டில் ஒரு விளக்குத்தான், அதையும் மாலையில் வெட்டிவிடுவார்கள். படங்களுக்குக் கீழே ஆங்கிலத்தில் அட்டை. என் பெயர் எங்கே இருக்கிறது என்று நோனாவைக் கேட்டு, விரலை வைத்துப் பார்த்தேன். கதவுக்குப் பக்கத்தில் என்னைப் பற்றி நீளமாக ஒன்று எழுதியிருந்தது. டை கட்டிய தமிழ் ஐயா ஒருவர் அதை எனக்கு வாசித்துச் சொன்னார். நான் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்தவனாம். வீட்டை இழந்தவனாம். கையில் கிடைத்ததைக் கொண்டு நினைவில் உள்ள ஊரைத் தைக்கிறேனாம்.

"எந்த இடம் நீங்கள்," என்றார் அந்த ஐயா.

"கடற்கரைப் பக்கம்," என்றேன். கொட்டாஞ்சேனையும் கடற்கரைப் பக்கம்தான்.

காலையில் அங்கே வரும்போது சோதனைச் சாவடியில் பஸ்ஸிலிருந்து இறக்கி, எந்த ஊர் என்று கேட்டார்கள். கொழும்புதான் சேர், இங்கேதான் பிறந்தேன், வடக்கைக் கண்ணாலும் கண்டதில்லை என்று சத்தியம் பண்ணிவிட்டு வந்திருந்தேன். கறுவாத்தோட்டத்துக்குள் வந்த உடனே வடக்குக்காரனாகிவிட்டேன். இரண்டு இடத்திலும் என்னை நம்பினார்கள் என்பது பெருமைதான், ஆனால் சாவடியில் அரை மணித்தியாலம் நிற்கவைத்தார்கள்.

கொஞ்ச நேரத்தில் லொட்ஜ் படத்தின் சட்டத்தில் யாரோ சிவப்புப் பொட்டு ஒட்டியிருந்ததைக் கண்டேன். கடையில் பிழையான இடத்துக்குச் சிவப்பு நூல் கட்டுவோம், திரும்பத் தைப்பதற்கு. அவமானமாகப் போய்விட்டது. யாரும் பார்க்காத நேரம் நகத்தால் கிளப்பி எடுத்துக் காற்சட்டைப் பைக்குள் போட்டேன். நோனா வந்து வேறொன்றை ஒட்டினார். அதையும் எடுத்தேன். மூன்றாவதாக ஒட்டும்போதுதான் என்னைப் பிடித்து, மல்லி என்று சிங்களத்தில் தம்பி முறை சொல்லி, அது விற்றுப் போனது என்று சொல்ல ஒட்டுவது என்றார். வாங்கியவர் ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி. ஏதோ உதவி நிறுவனத்து வேலை முடித்து அந்த வெள்ளிக்கிழமை நாடு திரும்புகிறாராம். என் கையை இரண்டு கையாலும் பிடித்துக் குலுக்கினார். சிவப்புப் பொட்டு ஒட்டியது அந்த ஒன்றுக்குத்தான். வீடு வரும்வரை எனக்குக் கால் நிலத்தில் இல்லை.

மறுநாள் திங்கட்கிழமை அந்த அம்மா கடைக்கு வந்தார்.

கறுத்துப் போயிருந்தார். மேலும் மெலிந்திருந்தார். பாஸ் கிடைத்து முந்தின நாள்தான் வந்து சேர்ந்தாராம், புதன்கிழமை தவணை. வாங்கில் உட்கார்ந்து, தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, சேட்டை எடுங்கோ தம்பி என்றார். நான் தெறிப் பெட்டியைத் தேடுவதுபோலக் குனிந்தேன். முதலாளியே எழும்பி எடுத்துக் கொடுத்தார்.

அவர் மடியில் வைத்து விரித்தார். பொக்கட் இருந்த இடத்தில் துணி கொஞ்சம் கடும் நீலமாக இருந்தது, சுற்றிவர ஊசித் துளை. கையை அதன் மேல் வைத்துப் பார்த்தார். சேட்டைத் திருப்பிப் பார்த்தார். உள்ளே போய்விட்டதோ என்று தேடுகிற மாதிரி. முதலாளி என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறந்தேன். என் வாயில் வேறொன்றும் வராது.

"பொக்கட் கொஞ்சம் வெளியில போயிருக்கும்மா," என்றேன்.

யாரும் சிரிக்கவில்லை. மெஷினில் இருந்த இருவரும் மிதியிலிருந்து கால் எடுத்துவிட்டார்கள். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். முதலாளி என்னை ஏசவில்லை. மடியிலிருந்த துணித் தூசியைத் தட்டிவிட்டு, போய் வாங்கிக்கொண்டு வா என்று மட்டும் சொன்னார். அந்த அம்மாவும் எழும்பினார். நானும் வாறன் என்றார்.

பஸ்ஸில் போனோம். வழியில் இறக்கிச் சோதித்தார்கள். அவருடைய பொலிஸ் பதிவுக் கடதாசியை ஒரு ஆள் மேலும் கீழும் வாசித்தார். என் சட்டைப்பையில் பிளேட்டைக் கண்டு என்ன இது என்றார். தையல்காரன் சேர் என்று சிங்களத்தில் சொல்லி, சாட்சிக்குப் பையிலிருந்து தெறிகளை அள்ளிக் காட்டினேன். அந்த ஆளுக்குச் சிரிப்பு வந்தது. விட்டுவிட்டார். பிளேட்டையும் திருப்பித் தந்தார். அந்த அம்மா சேட்டைப் பேப்பர் பையோடு நெஞ்சில் அணைத்துப் பிடித்துக்கொண்டு நின்றார்.

நோனா வீட்டில் அந்த வெள்ளைக்காரப் பெண்மணியும் இருந்தார். படத்தைக் கையோடு கொண்டுபோக வந்திருக்கிறார். படம் சுவரிலிருந்து இறங்கி, சட்டம் கழற்றி, மேசையில் கிடந்தது. பயணத்துக்குச் சட்டம் பாரமாம். அந்த அம்மா மேசைக்குக் கிட்டப் போய் நின்று பார்த்தார். தொடவில்லை. ஓம், அவன்ரதான் என்றார்.

நடந்ததையும், பொக்கட்டைத் திருப்பிக் கேட்க வந்ததையும் நான் நோனாவுக்குச் சிங்களத்தில் சொன்னேன். நோனா அந்தப் பெண்மணிக்கு ஆங்கிலத்தில் சொன்னார். கேட்கக் கேட்க அவருக்குக் கண் கலங்கியது. எழும்பி வந்து அம்மாவைக் கட்டிப்பிடித்தார். மகனுக்கு எத்தனை வயது, என்ன படித்தான், எப்போது கொண்டுபோனார்கள் என்று கேட்டார். அந்த அம்மா ஒவ்வொன்றுக்கும் ஒழுங்காகப் பதில் சொன்னார், நீதிமன்றத்தில் சொல்லிப் பழகியவர். ஒவ்வொரு பதிலையும் படத்தின் பின்பக்கத்தில் எழுதச் சொன்னார் அந்தப் பெண்மணி. நோனா எழுதினார். எனக்கு நம்பிக்கை வந்தது. இவ்வளவு அழுகிறவர் ஒரு பொக்கட்டைத் தரமாட்டாரா.

பிறகு நோனா என் பக்கம் திரும்பிச் சொன்னார். அந்தப் பெண்மணி முதலில் பிடித்திருந்ததால்தான் வாங்கினாராம். இப்போது இதன் பெறுமதி தெரிந்துவிட்டதாம். இனி இதை யாருக்கும் கொடுக்க மனம் வராதாம். தங்கள் நாட்டில் பெரிய மண்டபத்தில் மாட்டுவாராம், எல்லாரும் பார்த்து இங்கே நடப்பதைத் தெரிந்துகொள்வார்களாம்.

நான் அம்மாவிடம் அதைச் சுற்றி வளைத்துச் சொல்லத் தொடங்கினேன். யோசிக்கிறாங்கம்மா, பயணம் வேற, அப்படி இப்படி என்று.

"தரமாட்டினமாம் எண்டு சொல்லுங்கோ தம்பி."

"எல்லாரும் பாக்கிற இடத்தில மாட்டுவாங்களாம்மா."

"எல்லாரும் பாத்து என்ன செய்யிறது. அவன் வந்தா போடுறதுக்கு எனக்குச் சேட்டு முழுசா வேணும்."

இதைச் சிங்களத்தில் நோனாவிடம் சொன்னேன். ஒரு சொல் குறைக்கவில்லை. நோனா என்னைக் கொஞ்சநேரம் பார்த்துவிட்டு, அந்தப் பெண்மணியிடம் ஆங்கிலத்தில் நீளமாக ஏதோ சொன்னார். அதில் தேங்க் யூ இருந்தது. எனக்குத் தெரிந்த நாலு ஆங்கிலச் சொல்லில் அது ஒன்று. அந்தப் பெண்மணி தலையை ஆட்டி, நெஞ்சில் கை வைத்தார். அந்த அம்மா அங்கே யாருக்கும் நன்றி சொல்லவில்லை.

பிறகு அவர்கள் இருவரும் படத்தைச் சுற்றத் தாள் எடுக்க உள்ளே போனார்கள். மேசையில் படம் கிடந்தது. நானும் அம்மாவும் மட்டும் நின்றோம்.

"பிரிக்கலாம்தானே தம்பி," என்றார் மெல்ல.

பிரிக்கலாம். நான் தைத்தது. நாற்பது தையல் இருக்கும், ஒரு நிமிட வேலை. பிளேட்டை எடுத்துவிட்டேன், விரலுக்கு இடையில் பிடித்துவிட்டேன். உள்ளே தாள் கிழிகிற சத்தம் கேட்டது. பக்கத்துச் சுவரில் என் பெயர் எழுதிய அட்டை இன்னும் இருந்தது. அதில் எது என் பெயர் என்று எனக்கு இப்போது விரல் வைக்காமலே தெரியும்.

"வேண்டாம்மா," என்றேன். "நோனா பொலிசுக்குச் சொல்லிடுவாங்க."

நோனா அப்படிச் செய்கிறவர் இல்லை. அது எனக்குத் தெரியும். ஆனால் அந்தச் சொல்லைக் கேட்டதும் அந்த அம்மா மேசையிலிருந்து ஒரு அடி பின்னுக்குப் போனார். அந்தச் சொல் எப்படி வேலை செய்யும் என்பதும் எனக்குத் தெரிந்திருந்தது. பிளேட்டை மடித்து உள்ளே வைத்தேன்.

படியிறங்கும்போது நோனா பின்னால் வந்தார். என் தோளைத் தொட்டு, குரலைத் தணித்து, சிங்களத்தில் சொன்னார். இதே மாதிரிப் பொக்கட் வைத்து இன்னும் பத்துச் செய்ய வேண்டுமாம். அந்தப் பெண்மணி தன் நாட்டிலேயே எனக்குக் கண்காட்சி வைக்கிறாராம். ஆனால் உண்மையான ஆட்களுடைய சேட்டாக இருக்க வேண்டுமாம். நான் சரி நோனா என்றேன்.

கேற்றுக்கு வெளியே வந்ததும் அந்த அம்மா கேட்டார்.

"என்னவாம், பின்னால வந்து சொன்னவ?"

"மன்னிச்சுக்கச் சொன்னாங்கம்மா."

"பாவம், நல்ல மனிசி," என்றார்.

கடைக்குத் திரும்பினோம். முதலாளி எங்கள் கையைப் பார்த்தார். நான் சேட்டை வாங்கி, பின்பக்கம் காற்சட்டைக்குள் போகிற அடியில் துணி வெட்டி, பொக்கட் தைத்தேன். அந்த அம்மா வாங்கில் இருந்து பார்த்துக்கொண்டே இருந்தார். கட்டத்துக்குக் கட்டம், கோட்டுக்குக் கோடு பொருத்தினேன். பழைய ஊசித் துளைகளின் மேலேயே ஊசி இறங்கியது. என் வாழ்நாளில் அதைவிடச் சுத்தமாக நான் எதையும் தைக்கவில்லை. முதலாளி வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, மாத்தினது ஒருத்தருக்கும் தெரியாது என்றார்.

அந்த அம்மா பொக்கட்டின் வாயில் இரண்டு விரலை விட்டுப் பார்த்தார்.

"வடிவாத்தான் இருக்கு," என்றார்.

நான் அயன் போட்டு, மடித்து, மேல்தட்டில் வைக்கப் போனேன். அவர் கையை நீட்டினார். மற்றக் கையால் பையைத் திறந்து, வழக்குக் கடதாசிகளுக்கு இடையிலிருந்து அந்தத் துண்டை எடுத்தார். மடித்து மடித்து நாலாகக் கிழியப் பார்த்திருந்தது.

முதலாளி எழும்பி நின்றுவிட்டார். அவர் எழும்பி நின்று பேசி நான் கண்டதில்லை.

"இருக்கட்டும் அம்மா. பிள்ளை வந்து எடுக்கட்டும்."

"இல்லை ஐயா. இஞ்ச வைச்சா பாதுகாப்பு எண்டு நினைச்சன்." துண்டை மேசையில் வைத்தார். "இனி என்னட்டையே இருக்கட்டும்."

சேட்டை மடிப்புக் கலையாமல் பைக்குள், வழக்குக் கடதாசிகளுக்கு மேலே வைத்துக்கொண்டு போனார். புதன்கிழமை தவணை முடிந்து வருவார் என்று முதலாளி மாலை வரை வாசலைப் பார்த்தார். வரவில்லை. அதற்கடுத்த தவணைக்கும் வரவில்லை. லொட்ஜை விட்டுப் போய்விட்டார் என்றார்கள். எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை.

பத்தையும் நான் செய்தேன். உண்மையான ஆட்களுடைய சேட்டாக இருக்க வேண்டும் என்றார்கள்தானே, புறக்கோட்டை நடைபாதையில் பழைய சேட்டு விற்பவனிடம் வாங்கினேன். அவையும் யாரோ போட்டவைதானே. ஒவ்வொன்றுக்கும் பின்னால் எழுத நோனா கதை கேட்டார். கதை சொன்னேன். சேட்டு தைக்கிறதைவிட எனக்கு அது சுலபமாக வந்தது. ஒன்பது விற்றன. ஒன்று திரும்பி வந்தது, அதில் தையல் கோணல் என்று எழுதியிருந்தார்களாம்.

அது எங்கள் வீட்டு முன்னறையில் தொங்குகிறது. வருகிறவர்கள் பார்த்துவிட்டு, இது என்ன, பொக்கட்டுக்குள்ளே தலைகள் என்று கேட்பார்கள். நான் ஏதாவது பகிடி சொல்வேன். எல்லாரும் சிரிப்பார்கள். என் மனைவி மட்டும் எழும்பிக் குசினிக்குப் போய்விடுவாள்.